இரண்டு டிக்கெட்டும் ஒரு வரிசைத் தாளும்

தம்பிக்கு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நான் இரண்டு வார்த்தை ஆரம்பித்ததும் நீ "விடுங்கப்பா, பழைய கதை" என்பாய், நானும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை நீ பெங்களூரிலிருந்து கிளம்புவதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன். கூரியர்காரர்களையும் முழுசாக நம்ப முடியாது என்பதால், வந்து சேர்ந்ததா என்று உன் அம்மா போன் செய்து கேட்பாள். "அவன் வந்தப்பறம் நேர்லயே சொல்லலாம்ல" என்றுதான் அவளும் சொன்னாள். நேரில் உன் முகத்தைப் பார்த்தால் பாதியை விழுங்கிவிடுவேன். முப்பது வருடமாக அடுத்தவர் முகத்தைப் படித்தே சம்பளம் வாங்குகிறவனுக்கு, தன் முகத்தை அடுத்தவர் படிப்பது அவ்வளவாகப் பிடிக்காது.

பத்து நாளைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, நீ பேசியதை அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். பாப்பாவின் இன்ஜினியரிங் கவுன்சலிங் பற்றிப் பேசினாய். எந்தக் கல்லூரியை முதலில் போடுவது, எதை அடுத்து போடுவது என்று பன்னிரண்டு இடங்களை வரிசைப்படுத்தி அவளுக்கு அனுப்பியிருந்தாய். பன்னிரண்டும் கம்ப்யூட்டர் படிப்பு. "நான் வந்து பக்கத்துல உக்காந்து நானே லாக் பண்ணிட்டுப் போறேன், நீங்க யாரும் மண்டைய ஒடைச்சிக்காதீங்க" என்றாய். பாப்பா மெதுவாக, தனக்குச் சுரங்கப் பொறியியல் படிக்க ஆசை என்று சொன்னாள். அதற்கு நீ சொன்ன பதில் எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "ஆசப்படலாம் பாப்பா. நானுந்தான் ஆசப்பட்டேன். எனக்கு மார்க் பத்தல. நம்ம தகுதி எவ்ளோன்னு நமக்கே தெரிஞ்சிருக்கணும்." அந்த இடத்தில் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். மோட்டார் போடப் போகிறேன் என்று நான் சொன்னது உனக்கும் கேட்டிருக்கும்.

உனக்கு மார்க் பத்தாமல் போகவில்லை, தம்பி. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், உன் சீட்டைக் கெடுத்தவன் நான். ஏழு வருடமாக நீ உன்னைப் பற்றி நம்பிக்கொண்டிருக்கும் ஒரு பொய்யை நான்தான் செய்து கொடுத்தேன். அதே பொய்யை அளவுகோலாக வைத்துக்கொண்டு இப்போது நீ உன் தங்கையை அளக்க வருகிறாய். அதற்கு முன்னால் உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

செக்கிங் வேலை ஒரு மனிதனை என்ன செய்யும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாடாலூரில் ஒரு பஸ்ஸில் ஏறினால் சமயபுரம் வருவதற்குள் ஐம்பது பேர் முகத்தைப் படித்தாக வேண்டும். டிக்கெட் வாங்காதவன் தூங்குவான், அல்லது போனைக் காதில் வைத்துக்கொள்வான். மடியில் கனம் இல்லாதவன் டிக்கெட்டை நீட்டிவிட்டு ஜன்னலைப் பார்ப்பான். இப்படியே பார்த்துப் பார்த்து, வீட்டுக்குள் வந்தாலும் கண் அதே வேலையைத்தான் செய்கிறது. நீ பள்ளிக்கூடம் விட்டுப் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் எந்த பஸ், கண்டக்டர் யார் என்று கேட்பேன். மறுநாள் அந்தக் கண்டக்டரிடமும் கேட்பேன். "அந்தத் தோல்பைய வெளியவே வெச்சிட்டு வூட்டுக்குள்ள வாங்க, இல்லாட்டி சோத்துக்கும் டிக்கெட் கேப்பீங்க" என்று உன் அம்மா சொல்வாளே, அவள் கேலிக்குச் சொன்னதாக நாம் மூன்று பேரும் சிரிப்போம். அவள் கேலிக்குச் சொல்லவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

அந்த வேலையிலும் ஒரு முறை உண்டு. கேட்காமல் அபராதம் எழுதக் கூடாது. கண்டக்டராக இருந்துவிட்டுச் செக்கிங்குக்கு வந்த புதிதில், கங்கைகொண்ட சோழபுரம் போகிற பஸ்ஸில் முந்திரிக்கொட்டை மூட்டையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கையில் டிக்கெட் இல்லை. நான் மேலே ஒரு வார்த்தை பேசாமல் அபராதச் சீட்டை எழுத ஆரம்பித்துவிட்டேன். கூட இருந்த மூத்த அதிகாரி என் பேனாவைப் பிடித்து நிறுத்தி, "மொதல்ல கேளுய்யா" என்றார். கேட்டேன். ஏறும்போதே காசு கொடுத்தாகிவிட்டது, கூட்டத்தில் டிக்கெட்டை அப்புறம் தருகிறேன் என்று கண்டக்டர் சொல்லியிருக்கிறார். கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றிலிருந்து நான் ஒருவருக்கும் கேட்காமல் அபராதம் எழுதியதில்லை. ஒரே ஒருவரைத் தவிர.

நீ பிளஸ் டூ படித்த வருடம், துவைக்கப் போட்ட உன் சட்டைப் பையில் ஒரு பஸ் டிக்கெட் கிடந்தது. துவைக்கிற துணியின் பையை எல்லா வீட்டிலும்தான் பார்ப்பார்கள், காகிதம் நனைந்துவிடக் கூடாது என்று. நான் எதற்குப் பார்ப்பேன் என்று உனக்கே தெரியும். பெரம்பலூரிலிருந்து பாடாலூர், ஞாயிறு காலை, பெரியவர் இரண்டு. ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று நீ சொல்லியிருந்தாய். ஸ்பெஷல் கிளாஸ் நடப்பது நம் ஊரில், பாடாலூரில் இல்லை. அடுத்த வாரமும் ஒரு டிக்கெட், அதற்கடுத்த வாரமும் ஒன்று. எல்லாவற்றிலும் பெரியவர் இரண்டு. எனக்கு ஞாயிற்றுக்கிழமை டூட்டி என்று தெரிந்துதான் போயிருக்கிறாய் என்பது வரைக்கும் கண்டுபிடித்தேன். அந்த இரண்டாவது ஆள் யார்? பழைய பஸ் ஸ்டாண்டில் உன்னோடு டியூஷன் படிக்கும் ஒரு பெண்ணிடம் நீ நின்று பேசிக்கொண்டிருந்ததை ஒருநாள் பார்த்திருந்தேன். அவளுடைய அக்கா கோயம்புத்தூரில் படிக்கிறாள் என்றும் விசாரித்து வைத்திருந்தேன். ஒரு மாதம் கழித்து நீ கவுன்சலிங்கில் முதலாவதாகப் போடப்போவது கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி என்றாய். அவ்வளவுதான். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் நான் போட்ட முடிச்சு அப்படி இறுகிக்கொண்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளிச்சத்திலேயே பேய் தெரிந்தது.

அந்தப் பெண்ணை மட்டும் காரணம் சொன்னால் அதுவும் பாதிப் பொய். நீ படிக்க நினைத்தது வேளாண் பொறியியல். பத்தாவது முடித்தபோதே சொன்னாய். "படிச்சிட்டும் வயல்லதான் நிக்கணுமா" என்று நான் கேட்டேன், நீ பேச்சை அதோடு விட்டுவிட்டாய். என் அப்பா அரும்பாவூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர். வயதில் பாதிகூட இல்லாத வயல்காரர் பிள்ளைகள் அவரைப் பெயர் சொல்லி, வா போ என்று கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்தவன் நான். காக்கிச் சட்டை போட்ட அன்றைக்கே, இனி என் வீட்டில் ஒருவரும் சேற்றில் இறங்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். நீ சேற்றைப் பற்றிப் பேசவில்லை, மிஷினைப் பற்றிப் பேசினாய். ஆள் கிடைக்காமல் மக்காச்சோளம் காட்டிலேயே காய்ந்து நிற்கிறதே, சின்னக் காட்டுக்குள் போகிற மாதிரி ஒரு அறுவடை மிஷின் ஏன் இல்லை என்று கேட்டாய். என் காதில் மிஷின் விழவில்லை, காடு மட்டும்தான் விழுந்தது.

வரிசையை லாக் செய்ய, அதாவது இனி மாற்ற முடியாதபடி உறுதி செய்ய வேண்டிய நேரத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நிலவேம்புக் கஷாயத்தைக் குடித்துவிட்டுப் படுத்திருந்தாய். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கல்லூரிகளின் வரிசையை எழுதி என்னிடம் கொடுத்து, பிரவுசிங் சென்டரில் போட்டுவிட்டு வரச் சொன்னாய். உறுதி செய்வதற்கு வரும் ஓடிபி எண்ணும் என் போனுக்குத்தான் வரும். நம் பக்கத்தில் இன்றைக்கும் அப்படித்தானே. படிப்பது பிள்ளை, பரீட்சை எழுதுவது பிள்ளை, விண்ணப்பத்தில் மட்டும் போன் நம்பர் அப்பாவுடையது. அது ஏன் என்று நானும் கேட்டதில்லை, எந்த அப்பனும் கேட்டதில்லை. கேட்டால் சாவி கையை விட்டுப் போய்விடும்.

பிரவுசிங் சென்டரில் நல்ல கூட்டம். என் முறை வந்தபோது, நீ கொடுத்த தாளை நான் வெளியே எடுக்கவே இல்லை. தோல்பைக்குள் வைத்துக்கொண்டு வாயால் சொன்னேன். முதலாவதாக நம் ஊர்ப் பக்கத்துக் கல்லூரி, கம்ப்யூட்டர். இரண்டாவதும் பக்கத்திலேயே, அதுவும் கம்ப்யூட்டர். உன் கோயம்புத்தூர் வேளாண் பொறியியலை ஒன்பதாவதாகத் தள்ளினேன். அடியோடு எடுத்துவிட்டால் உனக்குச் சந்தேகம் வரும் அல்லவா? "பையன் வரலியா சார்?" என்று கேட்டார் சென்டர்காரர். காய்ச்சல் என்றேன். ஓடிபி வந்தது, படித்துச் சொன்னேன், லாக் ஆகிவிட்டது. நடந்தது இவ்வளவுதான், டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. ஊரெல்லாம் டிக்கெட் கேட்டுத் திரிந்தவன், பெற்ற மகனிடம் ஒரு கேள்வி கேட்காமல் அபராதம் எழுதிவிட்டேன்.

நான் முதலாவதாகப் போட்ட இடமே வந்தது; உன் தாளில் அது கடைசி வரியில் இருந்தது. காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கோயம்புத்தூர் கெடைக்கலப்பா. கட்ஆஃப் பத்தல போல. பரவால்ல" என்று சொன்னாய். அந்தப் 'பரவால்ல' இன்னும் என் காதில் இருக்கிறது. நீ அழுதிருந்தாலோ, சண்டை போட்டிருந்தாலோ நான் தாங்கியிருப்பேன். இரண்டு மாதம் கழித்து, அந்தச் சீட்டு கடைசியாக எந்த மார்க்குக்குப் போயிருக்கிறது என்று நான் தேடிப் பார்த்தேன். உன்னுடைய மார்க்கை விடக் குறைந்த மார்க்குக்குப் போயிருந்தது. அதை நீயும் பார்த்திருக்கலாம், எல்லோருக்கும் தெரிகிற மாதிரிதான் போட்டிருந்தார்கள். நீ பார்க்கவில்லை. நம்புகிறவர்கள் சரிபார்ப்பதில்லை.

அதற்குப் பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நல்ல வேலை கிடைத்தது, ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறாய், சட்டை கசங்காமல் வீட்டுக்கு வருகிறாய். நீ ஒவ்வொரு முறை ஒரு நல்ல சேதி சொன்னபோதும், பார்த்தாயா, நான் செய்தது சரிதான் என்று எனக்குள் கணக்கைத் தீர்த்துக்கொண்டேன். போன பொங்கலுக்கு வந்தபோதுதான் அது குலைந்தது. பின்பக்கத்துக் காட்டில் மக்காச்சோளம் அடிக்கிற மிஷின் நின்றுவிட்டது என்று சத்தம் கேட்டதும், நீ லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினாய். மதியம் வரைக்கும் அதன் அடியில் கிடந்தாய். கை முழுக்க கிரீஸோடு வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, பெல்ட் ஏன் நழுவியது என்று அம்மாவுக்கு விளக்கம் சொன்னாய். உன் முகத்தை அப்படி நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. முகம் பார்க்கத் தெரிந்தவன் என்று பீற்றிக்கொள்கிறேனே, அன்று சாப்பிட முடியாமல் எழுந்துவிட்டேன். வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் போன் முடிந்ததும் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தாளை மாற்றியதைச் சொன்னேன், பாடாலூர் டிக்கெட்டைச் சொன்னேன், அந்தப் பெண்ணைச் சொன்னேன். வெங்காயத் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "அந்த ரெண்டாவது டிக்கெட் என்னோடது" என்றாள்.

எப்படி என்று கேட்டேன். "நீங்க டூட்டிக்குப் போனப்பறம் நானும் அவனுந்தான் கெளம்புவோம். பாடாலூர்ல எங்க சித்தி மவன் பட்டறை வெச்சிருக்கான்ல, அங்க. கதிரடிக்கிற மிஷின எப்புடிச் செய்யிறாங்கன்னு பாக்கணும்னான். தனியா அனுப்ப எனக்கு மனசு வரல, கூடப் போனேன். மத்தியானத்துக்குள்ள வந்துருவோம்." ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா வுட்டிருப்பீங்களா? சரி, நாந்தான் சொல்லல, நீங்க கேட்டிருக்கலாம்ல? நீங்க கேட்டிருந்தா நான் மறைச்சிருக்க மாட்டேன். நீங்க எங்க கேட்டீங்க, மொறைச்சிக்கிட்டுத்தான திரிஞ்சீங்க." அதற்குப் பிறகு இரண்டு நாள் சாப்பாட்டை மட்டும் எடுத்து வைத்தாள். டியூஷன் பெண் திருச்சியில் நர்சிங் படித்தாளாம். அக்கா அங்கே படித்ததைத் தவிர கோயம்புத்தூருக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதையும் உன் அம்மாதான் சொன்னாள். இத்தனை வருடம் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்திருக்கும்.

சந்தேகமே படாதே என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் வரும், அப்போதும் சந்தேகப்படு. ஆனால் யார் மேல் என்று பார். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே ஏதோ ஒரு கல்லூரியின் ஆள் நம் வீட்டுக்கு வந்துவிட்டார். பாப்பாவின் மார்க், என் போன் நம்பர், எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் சிரிக்கிறார். நீச்சல் குளம் போட்ட புத்தகத்தை விரித்துக் காட்டி, படித்து முடித்த அன்றே வேலை என்றார். "ஒங்க பையன் எங்க சார் படிக்கிறான்?" என்று கேட்டேன். புத்தகத்தை மூடிவிட்டு, வேறொரு கல்லூரியின் பெயரைச் சொன்னார். டீயைக் குடித்துவிட்டுப் போனார். இப்படிப்பட்டவர்கள் மேல், 'என் பையன் இதைத்தான் எடுத்தான்' என்று வரும் சொந்தக்காரர்கள் மேல், படத்தோடு வரும் வாட்ஸப் சேதிகள் மேல் எவ்வளவு வேண்டுமானாலும் சந்தேகப்படலாம். எல்லோரையும் விட அதிகமாகச் சந்தேகப்பட வேண்டிய ஆள் ஒருவன் உண்டு. பிள்ளையின் நல்லதுக்குத்தான் என்று உள்ளே உட்கார்ந்து பேசுகிறானே, அவன். எனக்குள் அப்படிப் பேசியது என் பழைய அவமானம். அதனிடம் நான் ஒருநாளும் டிக்கெட் கேட்டதில்லை.

பாப்பாவிடம் இந்த முறை கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், முதலில் என் வாயில் வந்தது "இத யாரு ஒனக்குச் சொல்லிக் குடுத்தா?" என்பதுதான். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஏம்மா அது?" என்று மாற்றிக் கேட்டேன். அவள் சொன்னாள்: "அரியலூர்லேர்ந்து அம்மாயி ஊருக்குப் போற வழியில பழைய சுண்ணாம்புக்கல் குழி ஒண்ணு இருக்குல்லப்பா. தோண்டுனவங்க போயிட்டாங்க, தண்ணி நிக்கிது. மாமா வூட்டு ஆடு ரெண்டு அதுல வுழுந்துதான் செத்துச்சு. தோண்டத் தெரிஞ்சவங்க நெறைய பேரு இருக்காங்க. தோண்டுனப்பறம் அந்தக் குழிய என்ன செய்யணும்னு தெரிஞ்சவங்களும் வேணும்ல. அதுவும் இந்தப் படிப்புலதான் வருதாம்." நான் விடவில்லை. பெண் பிள்ளைக்கு அங்கே வேலை கொடுப்பார்களா என்றேன். "தெரியலப்பா" என்றாள். அவ்வளவு தூரத்தில் ஹாஸ்டல் எப்படி இருக்கும் என்றேன். "விசாரிக்கணும்" என்றாள். பொய் சொல்கிறவன் எல்லாக் கேள்விக்கும் பதிலைத் தயாராக வைத்திருப்பான் என்பது என் முப்பது வருடத்துப் பாடம். அவள் 'தெரியல' என்று சொன்ன இடத்தில் அவளை நம்பினேன்.

பிறகு ஒருநாள் லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் அரியலூர் போனோம். எனக்குத் தெரிந்த லாரி டிரைவர் மூலமாக விசாரித்து, ஒரு சுரங்கத்தில் வேலை பார்க்கிற பெண் பொறியாளர் ஒருவரை டீக்கடையில் பார்த்துப் பேச ஏற்பாடு செய்திருந்தேன். சட்டையெல்லாம் வெள்ளைத் தூசி. அவர் பூசி மெழுகவில்லை. வெயில் கொல்லும், வெடி வைக்கிற நாளில் காது அடைக்கும், பெண்கள் ரெண்டு மூணு பேர்தான் இருக்கோம், முதல் வருடம் நான் சொன்னதை எவனும் கேட்கவில்லை, இப்போது கேட்கிறார்கள் என்றார். பாப்பா நோட்டில் எழுதிக்கொண்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், "அப்பா, இப்பக் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு" என்றாள். பயமாக இருந்தால் விட்டுவிடேன் என்பது வாய் வரை வந்துவிட்டது. அவள் சொன்ன 'பயம்' என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவ்வளவு தூரம் அழைத்துப் போனேனோ என்று என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. ஒன்றும் சொல்லாமல் வந்தேன். உன்னையும் நான் அப்படிப் பாடாலூர்ப் பட்டறைக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும், தம்பி. வண்டியும் நம்முடையது, வழியும் நம்முடையது.

மறுநாள் உதவி மையத்துக்குப் போய் அவளுடைய விண்ணப்பத்தில் இருந்த என் நம்பரை எடுத்துவிட்டு அவள் நம்பரைப் போடச் சொன்னேன். "அப்பா நம்பரே இருக்கட்டுமே சார், புள்ளைங்க மெசேஜ அழிச்சிருவாங்க" என்றார் அங்கிருந்தவர். இருக்கட்டும், மாற்றுங்கள் என்றேன். மாற்றியதும் அவள் போனுக்கு ஓடிபி வந்தது. பழக்கதோஷத்தில் அவள் போனை என்னிடம் நீட்டி, "இந்தாங்கப்பா, நம்பர் வந்துருச்சு, சொல்லுங்க" என்றாள். வாங்கினேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ ஓடிபி படித்திருக்கிறேன், எண்ணை மட்டும்தான் படித்திருக்கிறேன். அன்றைக்கு அதன் கீழே இருந்த வரியையும் படித்தேன். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தது. யாரிடமும் என்றால் அப்பாவிடமும்தான். போனை அவள் கையிலேயே கொடுத்து, நீயே போடு என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து நின்றுகொண்டேன்.

இப்போது அவளிடம் இரண்டு வரிசைகள் இருக்கின்றன. ஒன்று நீ அனுப்பியது, இன்னொன்று அவள் எழுதியது. எதைப் போடப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். நோட்டு மேஜை மேலேயே கிடக்கிறது, நான்கு நாளாக அதைத் தாண்டித்தான் நடக்கிறேன். அவள் சுரங்கத்தைப் போட்டுவிட்டுக் கஷ்டப்படலாம். உன் பேச்சைக் கேட்டு நிம்மதியாகவும் இருக்கலாம். நீ வெள்ளிக்கிழமை வா. அவள் பக்கத்தில் உட்கார். உனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல், உன் வேலையில் எது பிடிக்கும், எது பிடிக்காது என்று மறைக்காமல் சொல். எனக்கு மார்க் பத்தவில்லை என்பதை மட்டும் சொல்லாதே. அது உண்மை இல்லை. மவுஸ் அவள் கையில் இருக்கட்டும்.

மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். கேட்காமல் அபராதம் போட்டவன், மன்னிப்பையும் கேட்ட மாத்திரத்தில் வாங்கிக்கொள்ள நினைப்பது சரியில்லை. கோபப்படு. எவ்வளவு நாள் வேண்டுமானாலும் படு. உனக்கு இருபத்து நான்குதான் ஆகிறது, பாடாலூர் மாமா பட்டறையும் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று நான் சொல்ல மாட்டேன். நீ எங்கே போவதாக இருந்தாலும், கூப்பிட்டால் கூட வருவேன், அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பழைய தாளை வைத்திருக்கிறேன். நீ அன்று கொடுத்த வரிசைத் தாள். ஆதாரத்தைத் தூக்கி எறிகிற பழக்கம் எனக்கு இல்லை, அது எனக்கு எதிரான ஆதாரமாக இருந்தாலும். முன்பக்கத்தில் உன் வரிசை அப்படியே இருக்கிறது, முதல் வரியில் கோயம்புத்தூர், பேனாவால் இரண்டு தடவை அழுத்தி எழுதியிருக்கிறாய். பின்பக்கத்தை நான் அன்று சென்டரில் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தபோதுதான் பார்த்தேன், நீ உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாய். இத்தனை வருடமாக அதை நான் இரண்டாவது முறை திருப்பவில்லை. காய்ச்சல் கையால் கோணல் மாணலாக, சென்டர்காரருக்கு நீ எழுதியிருந்தது இதுதான்:

"அண்ணா, வரிசை மாறாமப் போட்டுருங்க. அப்பா கூட இருக்காங்க, அவங்க செக் பண்ணிக்குவாங்க."

அப்பா